உஷார்! அலுமாரி மேல் கிடக்கும் சீடியை இன்றைக்கே இறக்குங்கள்

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை 2007 மாசியில் பதிந்து ஒரு சீடியில் வைத்திருந்தோம். அன்று தப்படித்து ஆட்டத்தை நடத்திய பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. பேரன் கேட்டானே என்று போன மாதம் அந்தச் சீடியைத் தேடி எடுத்தேன். பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. பிளேயர் இரண்டு மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது. வேறு கொப்பி எடுத்து வைக்கவில்லை. அந்தக் கையின் அடியை இனி எவராலும் கேட்க முடியாது. தவறு என்னுடையது. உங்கள் வீட்டிலும் இது நடந்துவிடக் கூடாது.

பாட்டைச் சீடியாக வாங்குவதா, டவுன்லோட் பண்ணுவதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது.

சீடி: பனி தின்னும் தட்டு

கடையில் அச்சாகி வரும் சீடியில் பாட்டு பிளாஸ்டிக் தட்டில் அச்சான நுண்ணிய குழிகளாக, அதன் மேல் பூசிய அலுமினியப் படலத்தோடு இருக்கிறது. நாம் கணினியில் ரைட் பண்ணும் சீடியில் அது வெறும் சாயப் படலம். வெயிலும் சூடும் பட்டால் வெளுத்துவிடும். ஆகவே கலியாணம், திருவிழா, கூத்து என்று நாமே பதிந்தவைதான் முதலில் போகும்.

அடிப்பக்கக் கீறலுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறோம். உண்மையில் எழுத்துள்ள மேல்பக்கம்தான் உயிர்நிலை. பதிவுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே அங்கே மெல்லிய பூச்சு ஒன்றுதான் காவல். குமிழ்முனைப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினால் அதுவே காயம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் மூடுபனி காம்பராவுக்குள் வந்துதான் போகும். ஈரம் தட்டின் விளிம்பு வழியாக ஏறினால் அலுமினியத்தை அரிக்கும். சீடியைப் பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிந்தால், விளிம்பு பழுப்பேறியிருந்தால், இனிச் சுணங்க நேரமில்லை. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சீடியைப் பூஞ்சை தின்றிருந்ததை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஈரமான ஊர்க்காரர்களாகிய நாம் இதைக் கதை என்று தள்ளக் கூடாது.

இன்னொன்று, புது லப்டொப்களில் சீடி போடும் இடமே அநேகமாக இல்லை. சீடி நன்றாக இருந்தாலும் வாசிக்கும் கருவி போய்க்கொண்டிருக்கிறது.

டவுன்லோட்: சாவி யார் கையில்?

மாதக் காசு கட்டிக் கேட்கும் ஆப்பில் ‘டவுன்லோட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் பாட்டு அந்த ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். காசு கட்டுவது நின்றால் பாட்டும் நிற்கும்.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2008இல் யாகூ தன் பாட்டுக் கடையை மூடி, பாட்டின் பூட்டைத் திறக்கும் சேர்வரையும் நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளைப் புதுக் கணினிக்கு மாற்ற வழியில்லை. மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை ஏற்றிய பாட்டுகள் சேர்வர் மாற்றத்தில் அழிந்தன என்று 2019இல் தெரியவந்தது. சுமார் 5 கோடிப் பாட்டுகள் போயின என்று செய்திகள் வந்தன. ‘யூடியூபில் போட்டிருக்கிறோமே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மெமரி காட்டிலும் உஷார்! மலிவாகக் கிடைக்கும் போலிக் காட் 128 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் கொஞ்சம்தான் இருக்கும். நிறைந்த பிறகு ஏற்றுவதெல்லாம் வீண். வாங்கிய அன்றே முழுவதும் நிரப்பி, முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் போட்டுப் பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. சீடி டிரைவ் உள்ள கணினியைத் தேடுங்கள். பழைய கொமியூனிகேஷன் கடைகளில் இன்னும் இருக்கலாம். முதலில் நீங்களே ரைட் பண்ணியவற்றைக் கொப்பி எடுங்கள்.

2. வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் சுருக்கிய எம்பி3யில் முதலில் மழுங்குவது தப்பின் கூர்மையான அடிதான்.

3. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டொக்கியுமன்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும்.

4. ஒரு கொப்பி வீட்டில், ஒன்று கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம், ஒன்று இணையத்தில். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கொப்பியும் ஒரே காம்பராவில் இருக்கக் கூடாது.

5. புதிதாக வாங்குவதானால் அச்சான சீடியை வாங்கி அன்றே கொப்பி எடுங்கள். அல்லது பூட்டில்லாத கோப்பாகத் தரும் இடத்தில் வாங்குங்கள்.

சினிமாப் பாட்டு தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். நம் தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்தும் எந்தக் கடையிலும் கிடைக்காது. சி.வி.வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைச் சேகரித்து நூலாக்கியதால் சொற்கள் பிழைத்தன. மெட்டும் குரலும் தாளில் ஏறாது. அவை உங்கள் அலுமாரி மேல் இருக்கும் அந்தச் சீடியில்தான் இருக்கின்றன. இறக்குங்கள்.