உங்களுக்குத் தெரியுமா? பல வேஷம் பூணும் பட்டாம்பூச்சி

ஆப்பிரிக்க வனங்களில், எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தின்று வளரும் பாப்பிலியோ டார்டனஸ் என்னும் பட்டாம்பூச்சியில், ஆணுக்கு எங்கும் ஏறக்குறைய ஒரே ரூபந்தான்: வெளிர்மஞ்சள் சிறகு, கறுப்புக் கரை, பின்சிறகின் நுனியில் வால். பெண்ணோ பெரும்பாலான பிரதேசங்களில் அந்த வாலைத் துறந்து, ஒன்று கறுப்பில் வெண்புள்ளியாகவும் மற்றொன்று செம்மஞ்சளாகவும், பறவைகள் வாய்வைக்க அஞ்சும் விஷப் பட்டாம்பூச்சிகளின் வேஷத்தைப் பூண்டு உயிர் பிழைக்கிறது. அதிலும் ஆச்சரியம், ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வெவ்வேறு வேஷத்துப் பெண்கள் பிறப்பதுதான். தனித்தனி இனங்களென்று பண்டிதர்கள் பெயரிட்டு வைத்திருந்த இவை யாவும் ஒரே இனமே என்று, கேப்டவுனில் பணியாற்றிய ரோலண்ட் டிரைமன் 1869-இல் எடுத்துரைத்தபோது, சிலர் நம்ப மறுத்தனர். எனினும் அவர் கூற்றே உண்மையென நிரூபணமாயிற்று. மடகாஸ்கர் தீவிலோ, பெண்ணும் ஆணைப் போலவே வால் தரித்து, மஞ்சளாகவே பறக்கிறது.