சாசனமும் ஜவாஜாவும்

2007-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெனிவா நகரில், ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் பான் கி மூனின் முன்னிலையில் ஆறு கோட்பாடுகள் கொண்ட ஒரு சாசனம் வெளியிடப்பட்டபோது, லாபத்தைத் தவிர வேறொன்றையும் போதிப்பதில்லை என்று நெடுநாளாகப் பழி சுமந்து வந்த வணிக நிர்வாகக் கல்லூரிகள், சமுதாய க்ஷேமமும் தங்கள் பாடத்தைச் சேர்ந்ததே என்று எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள முன்வந்தன. அந்தப் பழி முற்றிலும் அநியாயமானதென்று சொல்வதற்கில்லை. கணக்கு மோசடி வெளிப்பட்டு 2001-இல் திவாலான என்ரான் கம்பெனிக்கு அதே ஆண்டு ஆகஸ்டு வரை தலைமை நிர்வாகியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் தேறியவர். அந்தக் கம்பெனியிலும் ஒழுக்க நெறிக்கென்று 60 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடு ஒன்று இருக்கத்தான் செய்தது.

ஆகவே, கையொப்பத்தைக் கண்டவுடன் ஆனந்தப்பட நான் தயாராக இல்லை. சாசனத்தை ஏற்ற கல்லூரிகள் செய்த காரியங்களைக் குறித்துக் காலந்தோறும் அறிக்கை தரவேண்டும், தராதவற்றின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்ற விதி நல்ல விதிதான். ஆனால் அறிக்கை எழுத நிர்வாகப் பேராசிரியர்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

இந்தச் சாசனம் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, நம் தேசத்தில் ஒருவர், நிர்வாகக் கல்வியைச் சமுதாய க்ஷேமத்துக்குப் பயன்படுத்தும் இக்காரியத்தை வேறு விதமாகத் தொடங்கினார். ஆமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் முழுநேர இயக்குநராக இருந்து, 1972-இல் தாமாகவே அப்பதவியைத் துறந்து, அங்கேயே சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்த ரவி மத்தாய், 1975 வாக்கில் ராஜஸ்தானத்தில் அப்போது ஆஜ்மீர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஜவாஜா என்னும் வறண்ட பிரதேசத்துக்குச் சென்றார். மழை பொய்த்த அந்தப் பூமியில் வளம் என்று சொல்ல ஏதுமில்லை என்றே வெளியார் கருதினர்; மத்தாயோ, தோல் வேலையும் நெசவும் அறிந்த ஜனங்கள் அங்கே இருக்கிறார்களே, அவர்களைவிட வேறு வளம் எது என்று கண்டார். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தாரும் துணைக்கு வந்தனர். வியாபாரியின் தயவிலேயே பிழைத்துவந்த அந்தத் தொழிலாளர்கள், தோலையும் நூலையும் தாமே கொள்முதல் செய்யவும், நகரத்தார் விரும்பும் பைகளையும் விரிப்புகளையும் செய்யவும், அடக்க விலையைக் கணக்கிட்டு விற்பனை விலையை நிர்ணயிக்கவும், பாங்கியில் தயங்காமல் பேசவும் பழகினார்கள். வகுப்பறையில் இரண்டாண்டு போதிக்கப்படும் பாடம் இதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமைக்கு ஆட்பட்டிருந்த ஜாதியாரும் அவர்களிடையே இருந்ததால், விலை பேசுவதே அங்கு ஒரு சமுதாய மாறுதலாயிற்று.

இதில் நான் பெரிதும் மதிப்பது, உதவ வந்தவர்கள் நாளடைவில் அங்கே தேவைப்படாதவர்களாகிவிட வேண்டும் என்று மத்தாய் ஆரம்பத்திலேயே வகுத்துக்கொண்ட நோக்கத்தைத்தான். அவர் 1984-இல் காலமானார். ஜவாஜாவின் கைவினைஞர்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு அதன் பின்னரும் தோல் பைகளை விற்றுக்கொண்டிருந்தது.