வேலம்பாசிப் பஞ்சாரம்

ஜமுனாமரத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வகுப்பறைத் தொட்டியில் கப்பி மீன் மாலையில் குட்டி போட்டதாம். பிள்ளைகள் எண்ணியதில் முப்பதுக்கு மேல். மறுநாள் காலையில் ஐந்தே ஐந்து. "தாயே தின்றுவிடுமா? மிஞ்சும் குஞ்சுகளைக் கோமுட்டேரியில் விடலாமா?" என்று கேட்கிறார்.

தின்றுவிடும். விரால் மீன் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு காவலாக நீந்தும். கப்பிக்கு அந்தக் குணம் கிடையாது. ஏறக்குறைய நான்கு வாரம் சுமந்து ஈன்றதோடு சரி. பிறகு எதிரே துடிப்பது வாய்க்கு அடங்கினால் இரைதான்.

என் அம்மா கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைப்பார். காற்றும் வெளிச்சமும் நுழையும், பருந்து நுழையாது. தொட்டியில் அந்த வேலையை வேலம்பாசி செய்யும். ஒரு மூலையில் அடியிலிருந்து நீர்மட்டம்வரை அடர்த்தியாக விடுங்கள். ஏழெட்டு மில்லிமீட்டர் குஞ்சு புகும் இடுக்கில் தாய் புகமுடியாது. சினைமீனைச் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காது, மிரண்டு சோர்ந்துவிடும். ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சாதபடி அதன் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள். பெரிய மீன்களின் பசியை முதலில் ஆற்றிவிட்டு, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துத் துளித்துளியாகக் குஞ்சுகளுக்குத் தூவுங்கள். ஒன்றரை மாதம் போனால் பயமில்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில், கப்பியிடம் நான் இன்றும் வியக்கும் ஒரு சங்கதியில் இருக்கிறது. ஒருமுறை ஆணோடு கூடிய பெண், அந்த விந்தை உடலுக்குள் பல மாதம் பத்திரப்படுத்தி வைக்கும். நான் பாட்டிலில் தனியாக வைத்திருந்த ஒரு பெண்மீன், துணையே இல்லாமல் மூன்று தடவை குட்டி போட்டது. டிரினிடாட் தீவிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் ஓடைகளில் வாழ்ந்த மீன் உலகமெங்கும் பரவியதற்கு, கொசுப்புழுவைத் தின்னும் என்று மனிதர்கள் கொண்டுபோய் விட்டது ஒரு காரணம். இந்தச் சேமிப்பு இன்னொரு காரணம். ஒரு நீர்நிலையை நிரப்ப ஒரு தாய் போதும்.

செய்யாறு பிறப்பது உங்கள் ஊர் இருக்கும் ஜவ்வாது மலையில்தான். திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும்வரை எத்தனை ஏரிகள், எத்தனை நாட்டு மீன்கள்! தன் குஞ்சையே விடாத வாய் அயிரைக் குஞ்சை விடுமா? தொட்டி மீனை ஓடையில் விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம்; அங்கே ஏற்கெனவே குடியிருப்பவற்றை நினைப்பதில்லை.

டீச்சர், வாலில் வண்ணம் ஏறியதும் ஆண்மீன்களைப் பிரித்து, அவற்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெண்மீன்கள் பள்ளித் தொட்டியிலேயே இருக்கட்டும். அவற்றில் ஒன்று தவறி ஓடைக்குப் போனாலும், போவது ஒரு மீனல்ல, ஒரு கூட்டம்.