முக்கொம்பும் நான்கு கொம்பும்

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய அதே 1830-களில், வடக்கே இன்னொரு பாசனப் பொறியாளர் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் புரோபி காட்லி. பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டியவர், அதற்காகக் காட்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவரும்கூட!

சிவாலிக் மலையில் கிடைத்த ஒரு ராட்சத மண்டையோட்டை, காட்லியும் டாக்டர் ஹியூ ஃபால்கனரும் ஆராய்ந்து 1836-ல் சூட்டிய பெயர் ‘சிவதீரியம்’. சிவனின் விலங்கு! தோள் உயரமே சுமார் ஏழடி, எடை ஒரு டன்னுக்கு மேல், தலையில் நான்கு கொம்புகள். துதிக்கையும் இருந்திருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால், அது ஒட்டகச்சிவிங்கியின் உறவு, கழுத்துதான் குட்டை.

திருச்சிக்காரர்கள் இதை அரியலூர்ப் பக்கம் தேட வேண்டாம். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் உயிர்கள். கொம்பு வைத்த பாலூட்டி எதுவும் அப்போது உலகிலேயே கிடையாது.