பாயும் புகைபோக்கியும்

சோளகம் எழுந்தால் மல்லாவி வெளிகளில் புழுதி பறக்கும். இந்துமாக்கடலில் பாய்க்கப்பல் ஓட்டியவர்களுக்கோ அந்தக் காற்றுத்தான் நாட்காட்டி. காற்று எதிர்த்தால் துறைமுகத்தில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். போர்க்கப்பலுக்கு அது கட்டுபடியாகாது. அதனால் 19ஆம் நூற்றாண்டில் கப்பலுக்குள் கொதிகலன் ஏறியது. ஆனாலும் பாய்மரங்களை உடனே கழற்றிவிடவில்லை. ஏன்?

நிலக்கரிதான் காரணம். கிழக்கிந்தியக் கம்பனி பம்பாயில் கட்டிய ‘ஹியூ லின்ட்சே’ என்ற நீராவிக் கப்பல் 1830 மார்ச்சில் சூயஸுக்குப் புறப்பட்டது. அதன் கரியறை ஐந்தரை நாள் ஓட்டத்துக்கே போதும். ஏடனுக்குப் போகவோ 11 நாள் பிடித்தது. கெபின்களிலும் மேல்தட்டிலும் கரியைக் குவித்துக்கொண்டு போயும், ஏடனை அடைந்தபோது மிஞ்சியது சில மணி நேரத்துக்கான கரிதான். சோளகக் காலத்தில் எதிர்க்காற்றை வெல்லும் வலுவும் அதன் இயந்திரத்துக்கு இல்லை.

கரி மட்டுமல்ல, சக்கரமும் போர்க்கப்பலுக்குச் சிக்கலாக இருந்தது. தொடக்ககால நீராவிக் கப்பல்களின் இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் சுழன்றன. பீரங்கி வைக்கும் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. குண்டு பட்டால் நொறுங்கின. பின்புறத்தில் நீருக்கடியில் சுழலும் சுழலிக்கு அந்த ஆபத்துக் குறைவு. 1845இல் பிரித்தானியக் கடற்படை சுழலி பூட்டிய ‘றாட்லரை’யும் சக்கரம் பூட்டிய ‘அலெக்டோ’வையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டது. ‘றாட்லர்’ மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

1860இல் கடலில் இறக்கப்பட்ட இரும்புக் கப்பல் ‘வொரியர்’ காற்றையும் கரியையும் மாறிமாறிப் பயன்படுத்தியது. நல்ல காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். புகைபோக்கிகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து இறங்கும். நீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்காதிருக்க, சுழலியைக் கழற்றிக் கப்பலுக்குள் தூக்குவார்கள். அதற்கு 600 பேர் வரை கயிறு இழுத்தார்கள். காற்று விழுந்தாலோ சண்டை வந்தாலோ சுழலி இறங்கும், 10 கொதிகலன்களிலும் தீ மூளும்.

1870இல் உயர்ந்த பாய்மரங்களோடு கனத்த பீரங்கிக் கோபுரங்களையும் சுமந்த ‘கப்டன்’ புயற்காற்றில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு கடலில் இறங்கிய ‘டெவஸ்டேஷனு’க்குப் பாயே இல்லை.

கரியைக் குறைவாகத் தின்னும் இயந்திரங்களும், வழிநெடுகக் கரி நிரப்பும் துறைகளும் இருந்ததால்தான் பாயைக் கைவிட முடிந்தது. திருகோணமலையும் அத்தகைய துறையாக இருந்தது. காற்றின் தயவு போனதும் கரியின் தயவு வந்தது; கரி இருக்கும் துறைகளைக் காப்பதே கடற்படைக்குப் பெரும் வேலையாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது. பிரித்தானியர் திருகோணமலையின் சீனன்குடாவில் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. அவை யார் கையில் இருப்பது என்ற பேச்சும் ஓயவில்லை.