பழைய டிராக்டர் வாங்குமுன் ரேடியேட்டர் நீரைச் சோதியுங்கள்

புதிய டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் பலர், பழைய டிராக்டரை வாங்கி உழவுக்கும் பாரம் இழுக்கவும் பயன்படுத்துகின்றனர். வாங்கும்போது டயர், ஹைட்ராலிக், பெயிண்ட் ஆகியவற்றைக் கவனிப்பவர்களும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. காற்றால் குளிரும் சில என்ஜின்களைத் தவிர, மற்றவற்றின் உள்நிலையைக் காசு செலவின்றி அறிய இந்த நீர் உதவும்.

சோதிக்கும் முறை

காலையில் என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டும். மேலிருந்து சிறிதும், அடித்திருகு வழியே சிறிதுமாக நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும்.

நீர் செங்காவி நிறமாகி, அடியில் வண்டல் படிந்தால் அது துரு. வெண்ணிறச் செதில்கள் தெரிந்தால் அது உப்புப் படிவு. கூலன்ட் கலக்காமல் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றி வந்ததால் இவை உண்டாகின்றன. அந்த நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் குழாய்களில் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். ஆரம்ப நிலையில் இதைக் கழுவிச் சரி செய்யலாம்.

நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, நீர் பால் கலந்த காப்பி போல் கூழாக இருந்தாலோ விஷயம் வேறு. ஹெட் கேஸ்கட் அல்லது ஆயில் கூலர் பழுதாகி, என்ஜின் ஆயில் நீரில் கலக்கிறது என்று பொருள். கழுவுவதால் இது தீராது.

அடுத்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ நீர் ஆயிலில் இறங்குகிறது. கேஸ்கட்டோ, லைனரின் ரப்பர் வளையமோ கெட்டிருக்கலாம். அத்தகைய என்ஜினை ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து செலவு பன்மடங்காகும்.

இக்குறைகள் இல்லையெனில், மூடியைத் திறந்த நிலையில், ஆறிய என்ஜினை இயக்கிச் சில நிமிடங்கள் கவனிக்கலாம். குமிழிகள் ஓயாமல் வந்தால் எரிவாயு நீரில் கசிகிறது. சூடேறுமுன் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

நீர் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏமாறக் கூடாது. விற்பதற்காக முதல் நாள் மாற்றியிருக்கலாம். மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள துருவும் கூழும் உண்மையைக் காட்டிவிடும். அரை மணி நேரமாவது உழவு ஓட்டி, வெப்பமானி ஏறுகிறதா என்றும் பார்ப்பது நல்லது.

கழுவும் முறை

துருவும் உப்பும் மட்டுமே குறையானால் கீழ்க்கண்டவாறு கழுவலாம்.

1. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர், என்ஜின் பிளாக் ஆகிய இரண்டின் வடிதிருகுகளையும் திறந்து நீரை முழுவதும் வடிக்கவும்.

2. திருகுகளை மூடி, சுத்தமான நீருடன் ரேடியேட்டர் கழுவும் மருந்தை அதன் டப்பாவில் கண்ட அளவில் சேர்க்கவும். ஆசிட் ஊற்றக் கூடாது. சலவைச் சோடா அலுமினிய பாகங்களை அரிக்கும்.

3. மூடியைப் போட்டு என்ஜினை மிதமான வேகத்தில் ஓட்டவும். மேல் ரப்பர் குழாய் சூடேறினால்தான் தெர்மோஸ்டாட் திறந்து, நீர் எங்கும் சுற்றுகிறது என்று பொருள். அதன்பின் 15 நிமிடம் ஓட்டினால் போதும். மருந்தின் டப்பாவில் வேறு நேரம் குறித்திருந்தால் அதன்படி செய்யவும்.

4. என்ஜினை நிறுத்தி ஆற விட்டு வடிக்கவும். வடியும் நீர் தெளியும் வரை வெறும் நீரால் இரண்டு மூன்று முறை இவ்வாறே அலசவும்.

5. விரிசல் கண்ட ரப்பர் குழாய்களை மாற்றவும். ரேடியேட்டரின் வெளிப்புறத்தில் அடைந்துள்ள தூசு, வைக்கோலை மென்மையாக அகற்றவும்.

6. டிராக்டர் கையேட்டில் கூறிய கூலன்டை, டிஸ்டில்டு வாட்டருடன் அதில் கூறிய விகிதத்தில் கலந்து ஊற்றவும். சரிபாதிக் கலவையே பெரும்பாலும் வழக்கம். நிறத்தை மட்டும் பார்த்து இருவகைக் கூலன்டைக் கலக்கக் கூடாது. காற்று வெளியேறி மட்டம் குறைந்தால், ஆறிய பின் நிரப்பவும்.

எச்சரிக்கை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தினால் உள்ளே நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்ததும் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். சூடேறிய என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

கூலன்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. வடித்த நீரை வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ விடக் கூடாது. குழந்தைகள், மாடு, ஆடு, நாய் எட்டாதவாறு டப்பாவில் பிடித்து மூடி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் சேர்ப்பிக்கவும்.

நீரில் எண்ணெய் கண்டால், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிப் பழுதுச் செலவைக் கேட்டறிந்த பின்பே விலை பேச வேண்டும். அதுவரை முன்பணம் கொடுக்காமல் இருப்பதே விவசாயிக்குப் பாதுகாப்பு.