சரளையும் சிமெண்டும் போதும்

சாந்திநிகேதன் கலாபவன் வளாகத்தில் ஒரு சந்தால் குடும்பம் 1938லிருந்து நடந்துகொண்டிருக்கிறது. ஆணின் தோளில் கம்பு, அதில் தொங்கும் கூடையில் குழந்தை. கூடவே மனைவி, காலடியில் நாய். பிழைப்பு தேடி ஊர் மாறும் ஏழைகள். மன்னர்களுக்கும் வைஸ்ராய்களுக்கும் மட்டுமே ஆளுயரச் சிலை வைத்துப் பழகிய நாட்டில், கலை வரலாற்றாளர்கள் பலர் முதல் நவீனப் பொதுச் சிற்பம் என்று சொல்வது இதைத்தான்.

செய்தவர் ராம்கிங்கர் பைஜ். 1906இல் வங்காளத்தின் பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய திறமையைக் கண்ட பத்திரிகையாசிரியர் ராமானந்த சட்டர்ஜி 1925இல் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். நந்தலால் போஸிடம் பயின்றவர் அங்கேயே ஆசிரியராகி, சிற்பத் துறைத் தலைவரானார். சங்கோ சௌதுரி, சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து போன கே.ஜி. சுப்ரமணியன் போன்றோர் அவரிடம் கற்றவர்கள்.

வெண்கலத்துக்குக் காசில்லை. காலடியில் கிடந்தது செம்மண் சரளை. அதைச் சிமெண்டில் குழைத்து, கம்பிக் கூட்டின் மேல் வீசி அப்பி, இறுகுவதற்குள் உருவத்தைப் பிடித்துவிடுவார். மேற்பரப்பை மழமழவென்று இழைப்பதில்லை, சொரசொரப்புதான் அழகு. ஆலைச் சங்கு கேட்டு இரு பெண்கள் ஓடும் 'மில் கால்' (1956) சிற்பத்தில், பின்னால் பறக்கும் சேலையே பாதி வேகத்தைத் தந்துவிடுகிறது.

யாரும் கேட்காமல் செய்தவை ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக நின்றன. கேட்டுச் செய்ததுதான் வம்பானது. டெல்லி ரிசர்வ் வங்கி வாசலுக்கு யட்சனும் யட்சியும் வேண்டும் என்றார்கள். ஹிமாசலத்தின் காங்ரா பகுதியில் கல் தேடி, வெட்டி, கொண்டுவந்து முடிக்க 1967 ஆகிவிட்டது. கெடுவும் மதிப்பீடும் எப்போதோ தாண்டியிருந்தன. யட்சன் கையில் பணப்பையும் பல்சக்கரமும், யட்சி கையில் மலரும் கதிரும். ஆனால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததோ யட்சியின் நிர்வாணம் பற்றி! கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கைதான்.

1970இல் பத்மபூஷண் வந்தது. 1975இல் ரித்விக் கட்டக் அவரைப் படமெடுக்கத் தொடங்கினார். முடிப்பதற்குள் கட்டக் மறைந்தார். ராம்கிங்கர் 1980இல் கல்கத்தாவில் காலமானார்.

விவகாரம் அதோடு ஓயவில்லை. குவாஹாட்டியின் சரணியா மலையில் அவருடையதாகக் கருதப்படும் காந்தி சிலை இருந்தது. கைகால்கள் அளவு பிசகியிருக்கின்றன என்று சொல்லி, அதை மாற்ற 2017இல் அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். வடித்தவர் யார் என்பதைக் கலைஞர்கள் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.